கணப்பு வாங்குவதற்கு முன் கூரையைப் பாருங்கள்: பிரிட்டன் வீடுகளில் கேஸ் ஃபயரும் புகைபோக்கி வகைகளும்

பிரிட்டனில் பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறும் குடும்பத்தினர், முன்னறைச் சுவரில் பலகை அடித்து மூடிக் கிடக்கும் கணப்பு மாடத்தைக் கண்டதும், அதில் அழகான கேஸ் ஃபயர் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று நினைத்து நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். கடையில் பிடித்த மாதிரியைத் தேர்ந்து பணமும் கட்டிய பிறகு, பொருத்த வரும் பொறியாளர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டின் புகைபோக்கிக்கு இது பொருந்தாது என்று சொல்லித் திரும்பிவிடுவது அடிக்கடி நடக்கும் கதை. எந்தக் கணப்பை வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வாங்குபவரின் ரசனை அன்று, வீட்டின் புகைபோக்கிதான். ஆகவே இந்தக் கட்டுரையும் கூரையிலிருந்து கீழே இறங்கி வருகிறது.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சமையலறை கேஸ் அடுப்பிலிருந்து வேறுபடுத்துவதற்காக, அறையைச் சூடாக்கும் கருவியை இங்கே கேஸ் ஃபயர் என்றும் கணப்பு என்றும் குறிப்பிடுகிறேன். சுவரில் அது அமரும் குழிவு கணப்பு மாடம். செங்கல்லாலோ உலோகத்தாலோ ஆன கட்டுமானம் புகைபோக்கி. அதன் உள்ளே எரிந்த வாயு மேலேறிச் செல்லும் வழியே ஃப்ளூ. ஒரே புகைபோக்கிக்குள் பல ஃப்ளூக்கள் ஒன்றையொன்று ஒட்டி ஓடலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை வீடுகளில் அது பெரிய சிக்கலாகும்.

வெளியே நின்று பார்த்தல்

தெருவின் எதிர்ப்பக்கத்திற்குச் சென்று கூரையைப் பாருங்கள். செங்கல்லால் கட்டிய அடுக்கு கூரைக்கு மேலே எழுந்து நின்று, அதன் உச்சியில் சுட்ட மண்ணாலான குழாய்கள் இருந்தால், உங்களுடையது முதல் வகுப்புப் புகைபோக்கி. விக்டோரியா காலத்து வரிசை வீடுகளிலும் 1930களில் கட்டப்பட்ட இரட்டை வீடுகளிலும் இதுவே இருக்கும். நிலக்கரி எரிப்பதற்காகக் கட்டப்பட்டது என்பதால் இதன் வழி அகலமானது. ஏறக்குறைய எல்லா வகைக் கணப்பையும் ஏற்கக்கூடியது. அலங்காரத் தீ எனப்படும் பெரிய திறந்த வகைக்கு மட்டும், வட்டமான ஃப்ளூ என்றால் குறைந்தது 175 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். மற்ற சாதாரணக் கணப்புகளுக்கு 125 மில்லிமீட்டர் போதும்.

செங்கல் அடுக்கு இல்லாமல், கூரை ஓடுகளினூடே ஓர் உலோகக் குழாய் மட்டும் தொப்பியோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது இரண்டாம் வகுப்பு. ஆலையில் செய்து கொண்டுவந்து பொருத்திய இரட்டைச் சுவர் உலோகக் குழாய் இது. பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் அல்லது ஏறத்தாழ 178 மில்லிமீட்டர் விட்டமுடையது. இதன் அடியில் செங்கல் மாடத்திற்குப் பதிலாக உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். கழிவறைக் குழாயின் காற்றுப்போக்கியும் இதேபோல் கூரைக்கு மேலே நீண்டு நிற்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது, கணப்புச் சுவருக்கு நேர் மேலேயும் இருக்காது.

மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுவது. 1960களிலிருந்து கட்டப்பட்ட பல வீடுகளில் சுவருக்குள்ளேயே, நடுவில் ஒடுங்கிய செவ்வகத் துளையுள்ள கான்கிரீட் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஃப்ளூவை அமைத்தார்கள். இந்த முன்வார்ப்பு ஃப்ளூ பரணில் உலோகக் குழாயோடு இணைந்து, கூரையின் முகட்டு ஓட்டோடு ஒட்டிய காற்றுத்திறப்பிலோ சிறிய உலோகத் தொப்பியிலோ முடியும். அறைக்குள்ளே முன்தள்ளிய புகைபோக்கிச் சுவர் இருக்காது. துளை ஒடுக்கமானது என்பதால் இதற்கெனவே செய்யப்பட்ட ஆழம் குறைந்த கணப்புகளைத்தான் வைக்க முடியும். இங்கிலாந்தின் கட்டட ஒழுங்குவிதி வழிகாட்டியின்படி, புதிதாகக் கட்டும் செவ்வக ஃப்ளூவுக்குக் குறைந்தது 16,500 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் 90 மில்லிமீட்டர் குறுகிய பக்கமும் வேண்டும். பழைய வீடுகளில் இருப்பவை இதைவிட ஒடுங்கியவையாகவே பெரும்பாலும் இருக்கின்றன. கட்டியவர்கள் அவசரத்தில் கட்டிகளுக்கிடையே பிதுங்கிய சாந்தை வழித்தெடுக்காமல் விட்டிருந்தால், ஏற்கெனவே ஒடுங்கிய வழி மேலும் சுருங்கிவிடும். கட்டிகளின்மேல் நேரடியாகப் பூச்சு பூசியிருந்தால் சூட்டில் வெடிப்பு விழும். கணப்புக்கு மேலே சுவரில் நேர்கோடாக ஓடும் வெடிப்பைக் கண்டால் அதைச் சாயம் பூசி மறைக்காமல் பொறியாளருக்குக் காட்டுங்கள்.

கூரையில் எதுவுமே தென்படவில்லை என்றால் புகைபோக்கி இல்லாத வீடு என்று பொருள். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பின்பக்கம் நீட்டியபோதோ பரணை அறையாக்கியபோதோ, முன்பிருந்த சொந்தக்காரர் மேல்மாடிப் புகைபோக்கிச் சுவரை இடித்து இடத்தை மிச்சப்படுத்திவிட்டு, கீழ்த்தள மாடத்தை மட்டும் அழகுக்காக விட்டுவைத்திருக்கலாம். கீழே மாடம் இருக்கிறது, மேலே வழி இல்லை. ஆகவே கீழ்த்தளத்தில் பார்த்த முன்தள்ளிய சுவர் மேல்மாடியிலும் பரணிலும் அதே இடத்தில் தொடர்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைவிளக்குப் போதும்.

பழைய செங்கல் புகைபோக்கியின் உள்ளே

முதல் வகுப்பு கிடைத்துவிட்டது என்று உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. 1960களின் நடுப்பகுதிக்கு முன் கட்டப்பட்ட புகைபோக்கிகள் பெரும்பாலும் உட்குழாய் இல்லாதவை. செங்கல்லின்மேல் வெறும் சாந்துப் பூச்சு மட்டுமே இருக்கும். பல ஆண்டுகள் நிலக்கரிப் புகை பட்டு அந்தப் பூச்சு உதிர்ந்து, செங்கற்களுக்கிடையே சந்து விழுந்திருக்கும். வரிசை வீடுகளில் உங்கள் ஃப்ளூவுக்கும் அண்டை வீட்டாரின் ஃப்ளூவுக்கும் இடையே ஒற்றைச் செங்கல் தடுப்புச் சுவர் மட்டுமே இருக்கலாம். அது உடைந்திருந்தால் நீங்கள் எரிக்கும் கணப்பின் வாயு அவர்கள் படுக்கையறைக்கும், அவர்கள் எரிப்பது உங்கள் மேல்மாடிக்கும் போகும். இதனால்தான் பொறியாளர் புகைவில்லை ஒன்றைக் கொளுத்தி மாடத்தில் வைத்துச் சோதிக்கும்போது, வெளியே எந்தக் குழாயிலிருந்து புகை வருகிறது என்பதையும், அந்த ஒன்றிலிருந்து மட்டுமே வருகிறதா என்பதையும் பார்க்கிறார். பரணையும் மேல்மாடி அறைகளையும் அவர் எட்டிப்பார்ப்பது சோதனையின் ஒரு பகுதிதான்.

முதலில் புகைபோக்கியைத் துப்புரவு செய்யும் ஒருவரை அழைத்துத் துலக்கிவிட வேண்டும். ஜாக்டா எனப்படும் சிறு காக்கையினப் பறவை, நெடுநாள் பயன்படாத புகைபோக்கிக்குள் சுள்ளிகளைப் போட்டுப் போட்டு மூட்டை கணக்கில் கூடு கட்டிவிடும். துலக்கிய பிறகும் ஃப்ளூ நம்பத்தகாததாக இருந்தால், வளையக்கூடிய துருப்பிடிக்காத எஃகு உட்குழாயை மேலிருந்து கீழே இறக்கலாம். கேஸுக்கு ஒற்றைத் தோல் குழாயும், விறகுக்கு இரட்டைத் தோல் குழாயும் பயன்படுத்தப்படுகின்றன. ஆகவே கேஸுக்காக இறக்கிய குழாயில் பிற்காலத்தில் விறகடுப்பை இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

எந்த ஃப்ளூவுக்கு எந்தக் கணப்பு

பாட்டன் காலத்துக் கணப்பிலிருந்து தொடங்குவோம். வெண்சுதை போன்ற சுடுமண் கம்பிகள் சிவந்து எரிய, மாடத்திற்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பெட்டி வகை அது. 1967 முதல் 1977 வரை பிரிட்டன் முழுவதும் நிலக்கரி வாயுவிலிருந்து வடகடல் இயற்கை வாயுவுக்கு மாறியபோது வீடுவீடாகப் பரவியது. பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் திறனில் இன்றைய பல அலங்கார மாதிரிகளை இது வெல்லும். இதன் பின்னே மாடத்தின் வாயை மூடும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். கணப்பின் வாயுக்கழுத்து நுழைய ஒரு துளையும், அதன் கீழே காற்று போகச் சிறு திறப்பும் அதில் உண்டு. அந்தத் தகட்டைச் சுற்றி ஒட்டிய நாடா கழன்றுவிட்டால், ஃப்ளூவின் இழுவை கணப்பின் வாயுவை விட்டுவிட்டு அறைக்காற்றை மட்டும் உறிஞ்சும். செங்கல் புகைபோக்கியில் மேலிருந்து விழும் சாந்தும் தூசியும் தேங்குவதற்காகக் கழுத்துக்குக் கீழே 250 மில்லிமீட்டர் ஆழமும், 12 லிட்டர் கொள்ளளவும் கொண்ட வெற்றிடம் விட வேண்டும். பராமரிப்பு என்ற பெயரில் முன்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போகாமல், கணப்பைக் கழற்றி இந்த இடத்தைத் துப்புரவு செய்கிறாரா என்பதைக் கவனியுங்கள். நல்ல பொறியாளரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்.

அடுத்தது உட்பதிக்கும் தீ. செயற்கை நிலக்கரித் துண்டுகளின்மேல் மஞ்சள் சுடர் ஆடும் இவ்வகை, மாடத்திற்குள்ளேயே அமர்ந்து உயிருள்ள தீயின் தோற்றத்தைத் தரும். திறந்த முகப்புள்ளவை எரிக்கும் வாயுவின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியை அறைக்குத் தருகின்றன. கண்ணாடி முகப்புள்ளவை 70 முதல் 80 விழுக்காடு வரை தருகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6.5 கிலோவாட் உள்வாங்கி 45 விழுக்காடு தரும் திறந்த கணப்பிலிருந்து அறைக்குக் கிடைப்பது 2.9 கிலோவாட், 4 கிலோவாட் மட்டுமே உள்வாங்கி 80 விழுக்காடு தரும் கண்ணாடிக் கணப்பிலிருந்து கிடைப்பது 3.2 கிலோவாட். கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டிப் பெருமைப்படும்போது, அது உள்வாங்கும் அளவா வெளியிடும் அளவா என்று கேட்டால் போதும்.

அலங்காரத் தீ என்பது மூன்றாவது. அகன்ற மாடத்தில் கூடை வைத்து, 20 கிலோவாட் வரை கூட வாயுவை எரித்து, அதில் பெரும்பகுதியை வானத்துக்கு அனுப்பும் பொருள் இது. பெயரிலேயே அலங்காரம் இருக்கிறது. இதைச் சூடாக்கும் கருவியாகக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கு அகன்ற புகைபோக்கியும், சுவரில் எப்போதும் திறந்திருக்கும் 100 சதுர சென்டிமீட்டர் காற்றுத்திறப்பும் பொதுவாகத் தேவை. 7 கிலோவாட்டுக்கு மிகாத மற்றக் கணப்புகளுக்குத் தயாரிப்பாளர் கேட்டாலன்றித் தனித் திறப்பு வேண்டியதில்லை. கதவு, சன்னல் இடுக்குகளில் நுழையும் காற்றே போதும் என்பது பழைய கணக்கு. இரட்டைக் கண்ணாடி போட்டு இடுக்கெல்லாம் அடைத்த இன்றைய வீட்டில் அந்தக் கணக்கு பொய்க்கலாம் என்பதால், சோதனைதான் முடிவைச் சொல்ல வேண்டும்.

புகைபோக்கியே இல்லாதவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. என் தேர்வு சமநிலை ஃப்ளூ. வெளிச்சுவரைத் துளைத்து ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு குழாய்களைச் செலுத்துவார்கள். வெளிக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும், உள்குழாய் வழியாக எரிந்த வாயு வெளியேறும். முன்பக்கம் கண்ணாடியால் இறுக மூடப்பட்டிருப்பதால் அறைக்காற்றோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே பாதுகாப்பிலும் திறனிலும் இதுவே முன்னிற்கிறது. வெளிச்சுவர் வேண்டும், சன்னலிலிருந்து உரிய தூரம் வேண்டும், நடப்பவர் கைபடும் உயரத்தில் இருந்தால் வெளியே கம்பிக்கூடு வேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனைகள்.

இரண்டாவது, மின்விசிறியால் வாயுவை வெளியே தள்ளும் வகை. திறந்த தீயின் தோற்றத்தைப் புகைபோக்கி இல்லாத வீட்டிலும் பெறலாம்; ஆனால் மின்சாரம் போனால் கணப்பும் அணைந்துவிடும், விசிறியின் இரைச்சலும் கூடவே வரும்.

மூன்றாவது, ஃப்ளூவே இல்லாத கணப்பு. எரிந்த வாயுவை வினையூக்கி ஒன்றின் வழியாகச் செலுத்தி, கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றி, அறைக்குள்ளேயே விட்டுவிடும். வெப்பம் முழுவதும் அறைக்கே கிடைக்கிறது என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். ஆனால் கூடவே கிடைப்பது தண்ணீர். இயற்கை வாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. 3 கிலோவாட் கணப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 0.4 லிட்டர் நீர் அறைக்காற்றில் சேரும். துணிகளை வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, நாளும் சோறு வடித்து, சுவர் மூலையில் ஏற்கெனவே கறுப்புப் பூஞ்சை படரும் வீட்டில் இதை வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குறைந்தபட்ச அறைக் கொள்ளளவு, நிரந்தரக் காற்றுத்திறப்பு, திறக்கக்கூடிய சன்னல் ஆகியவை இதற்குக் கட்டாயம். அந்தத் திறப்பின் வழியே குளிர்க்காற்று வருகிறது என்று செய்தித்தாளையோ பஞ்சையோ திணித்து அடைப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அதைவிட அந்தக் கணப்பையே வாங்காமல் இருப்பது மேல்.

முன்னறை படுக்கையறையாகும்போது

லண்டனின் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் போன்ற பகுதிகளில் தமிழர்கள் வாழும் பல வீடுகளில் முன்னறையை மாணவர் ஒருவருக்கு வாடகைக்கு விடுவதோ, ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குப் படுக்கையறையாக்குவதோ வழக்கம். அந்த அறையில் பழைய கேஸ் ஃபயர் இருந்தால் சட்டமே மாறுகிறது. 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, தூங்கும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கணப்பைப் புதிதாகப் பொருத்தினால், அது அறையோடு தொடர்பின்றி மூடப்பட்ட வகையாகவே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்ததென்றால் மூடப்பட்டதாகவோ, ஆபத்தான அளவு எரிந்த வாயு அறையில் தேங்குமுன் தானே அணையும் கருவி உடையதாகவோ இருக்க வேண்டும். பிராணவாயு குறைந்ததும் பைலட் எனப்படும் சிறு பற்றவைப்புச் சுடர் தன் இடத்திலிருந்து விலகி எழும்ப, வெப்ப உணரி குளிர்ந்து வாயு நின்றுவிடும்படி அமைந்த பாதுகாப்பு பைலட்தான் அந்தக் கருவி. மிகப் பழைய கணப்புகளில் இது இருக்காது. இருக்கும் அறையைப் படுக்கையறையாக்கி வாடகைக்கு விடும் உரிமையாளரையும் இவ்விதி கட்டுப்படுத்துகிறது.

வாடகைக்கு விடுபவர் ஆண்டுக்கொருமுறை கேஸ் கருவிகளையும் ஃப்ளூக்களையும் சோதிக்கச் செய்து, அதன் பதிவின் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், கணப்பு போன்ற நிலையான எரிகருவி உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் பொருத்தித் தர வேண்டும்; சமையல் அடுப்புக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அலாரத்தைக் கணப்பிலிருந்து பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் உட்கூரையிலோ, கதவு சன்னல்களுக்கு மேலே சுவரில் உயரத்திலோ பொருத்துவது முறை. கணப்பின் மேலுள்ள தட்டில் சாமி படத்தின் பக்கத்தில் வைப்பது முறையன்று.

சோதனை நாளில்

கேஸ் வேலையைச் செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் பிரிட்டனில் கோர்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்தில் இதுவே நடப்பில் உள்ளது. அடையாள அட்டையின் முகத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், புரட்டிப் பின்பக்கத்தையும் பாருங்கள். அவர் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கும். பாய்லர் பார்ப்பவர் எல்லாருக்கும் கேஸ் ஃபயர் பொருத்தும் தகுதி இருக்காது.

திறந்த ஃப்ளூக் கணப்பில் கடைசிச் சோதனை வாயு அறைக்குள் திரும்பி வழிகிறதா என்பது. எல்லாக் கதவு சன்னல்களையும் மூடி, கணப்பைச் சில நிமிடங்கள் எரியவிட்டு, அதன் மேல்விளிம்பில் புகைக்குச்சியைப் பிடிப்பார். புகை உள்ளே இழுபட வேண்டும், அறைப்பக்கம் திரும்பக் கூடாது. இந்தச் சோதனையின்போது சமையலறைப் புகையுறிஞ்சியை முழு வேகத்தில் ஓடவிட்டு, இடைக்கதவைத் திறந்து வைத்து மறுபடியும் பார்க்கும்படி கேளுங்கள். தாளிப்பு நெடி போவதற்காக நாம் பொருத்தும் சக்திவாய்ந்த உறிஞ்சி, வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது, அதை ஈடுசெய்யக் காற்று உள்ளே வரக்கூடிய மிக எளிய வழி புகைபோக்கியாக இருந்தால், எரிந்த வாயு கீழ்நோக்கி வரும். ஊதுபத்தியைப் பிடித்து நீங்களே அவ்வப்போது பார்த்துக்கொள்வதில் தவறில்லை. பொறியாளரின் சோதனைக்கு அது ஈடாகாது.

வேலை முடிந்ததும் தயாரிப்பாளரின் கையேட்டை அவர் எடுத்துச் சென்றுவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நிலக்கரித் துண்டுகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்ற படம் அதில்தான் இருக்கிறது. துடைக்கும்போது அவற்றை மாற்றி அடுக்கினால் சுடர் துண்டில் மோதிக் கரி படியும். நீலச் சுடர் நல்லது, மஞ்சள் சுடர் ஆபத்து என்று அடுப்பைப் பற்றி நாம் கற்ற பாடம் இந்த வகைக் கணப்புக்குப் பொருந்தாது. இதில் சுடர் வேண்டுமென்றே மஞ்சளாக்கப்பட்டது. கவனிக்க வேண்டியவை வேறு: துண்டுகளிலோ மேல்சுவரிலோ புதிதாகப் படியும் கரி, அடிக்கடி அணையும் பைலட், சன்னலில் வழக்கத்துக்கு மீறி வழியும் நீர்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. கேஸ் கசிந்தால் நமக்கு வரும் நெடி வாயுவில் சேர்க்கப்பட்ட மணப்பொருளுடையது, எரிந்த புகையில் அது இருக்காது. வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் குறைந்து, வீடு திரும்பியதும் மறுபடியும் தொடங்கினால், அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி மேலும் கதவடைத்துக் கணப்பைக் கூட்டிவிடக் கூடாது. கணப்பை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டிச் சென்று, அங்கிருந்து 0800 111 999 என்ற இலவச அவசர எண்ணை அழையுங்கள். யாருக்காவது மயக்கம் இருந்தால் முதலில் 999.